பொங்கல் லீவுக்குப் பனிமலை: ட்ரெக்கிங் குழுவுக்கு எந்தச் சரிவு ஒத்துவரும்?

சென்னையில் வார இறுதிகளில் மலையேறும் குழு எதுவானாலும், மழைக்காலம் முடியும்போது வாட்ஸப்பில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். ஜவ்வாது மலையும் நாகலாபுரமும் அலுத்துவிட்டன, இந்தத் தடவை பனிக்குப் போவோம் என்று ஒருவர் ஆரம்பிப்பார். பத்து நிமிடத்தில் இமயமலைப் பக்கத்து நாலு பெயர் வந்து விழும்: ஆலி, குல்மார்க், சோலாங், கேதார்காந்தா. கூடவே ஸ்லெட்ஜில், அதாவது பனியில் உட்கார்ந்து சறுக்கும் சின்ன வண்டியில், யாரோ கத்திக்கொண்டே சறுக்கி வரும் வீடியோ ஒன்றும் வரும். அதைப் பார்த்ததும், எங்கே போனாலும் ஸ்லெட்ஜ் உண்டு என்று எல்லோரும் மனதுக்குள் முடிவு செய்துவிடுவார்கள்.

நான்கு இடத்திலும் பனி கிடைக்கலாம். ஆனால் ஸ்லெட்ஜ் விட நான்கு இடத்திலும் ஒரே மாதிரி வசதி கிடையாது. ஏறத்தாழ இருபது பேர், அதில் பாதிப் பேர் பனியையே பார்க்காதவர்கள், இரண்டு மூன்று பேர் குழந்தைகளோடு வருகிறார்கள் என்று வைத்துக்கொண்டு இந்த நான்கையும் எடை போட்டிருக்கிறேன். சரிவை நடத்துவது யார், அதில் வழி யாருக்கு முதலில், நடந்து போகிறவருக்கும் ஸ்லெட்ஜில் வருகிறவருக்கும் தனி இடம் உண்டா என்பவைதான் என் முதல் கேள்விகள். பனியின் ஆழமும் ஹோட்டல் வாடகையும் அதற்கு அப்புறம்.

ஸ்கீ சரிவில் ஸ்லெட்ஜை ஏன் விடமாட்டார்கள்

உலகம் முழுக்கப் பெரும்பாலான ஸ்கீ மையங்களில், ஸ்கீக்காகச் சமன்செய்த சரிவில் ஸ்லெட்ஜ் விடத் தடை இருக்கிறது. சுற்றுலா வந்தவர்களுக்கு இது வீண் கெடுபிடியாகத் தெரியும். காரணம் ஸ்லெட்ஜின் அமைப்பிலேயே இருக்கிறது. ஸ்கீயின் இரு ஓரத்திலும் இரும்பு விளிம்பு உண்டு. ஆள் பக்கவாட்டில் சாய்ந்தால் அது பனியைக் கடித்து நிறுத்தும். காலிலிருந்து ஸ்கீ கழன்றுபோனால்கூட அதிலுள்ள பிரேக் கம்பி பனியில் குத்திக்கொள்ளும். சாதாரண பிளாஸ்டிக் ஸ்லெட்ஜில் இதெல்லாம் கிடையாது. சின்ன வயதில் பனைமட்டையில் உட்கார்ந்து மேட்டிலிருந்து சறுக்கியவர்களுக்குத் தெரியும், திசையை மட்டைதான் முடிவு செய்யும்.

வேகத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 டிகிரி சரிவு என்பது பழகுகிறவர்களுக்கான ஸ்கீ சரிவை விடக் கொஞ்சம் செங்குத்து, அவ்வளவுதான். இறுகிய பனியில் வெறும் 50 மீட்டர் சறுக்கினாலே வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரை எட்டிவிடும். ஸ்லெட்ஜில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து மூன்றடி உயரத்தில்தான் இருக்கும். சரிவில் ஒரு மேடு இருந்தால், அதற்கு மேலிருந்து வரும் ஸ்கீக்காரர் கண்ணுக்கு அந்தத் தலை கடைசி நொடி வரை படாது.

சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு 1967-இல் வகுத்த நடத்தை விதிகள் பத்து. அதில் ட்ரெக்கிங் குழுக்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை இரண்டு. சரிவில் நடந்து ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ஓரமாகவே போக வேண்டும் என்பது ஒன்று. குறுகலான இடத்திலோ, மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்திலோ நிற்கக் கூடாது, விழுந்தால் சீக்கிரம் எழுந்து விலகிவிட வேண்டும் என்பது இன்னொன்று. இருபது பேர் சரிவின் நடுவில் பேனர் பிடித்து குரூப் போட்டோ எடுத்தால் இரண்டு விதியையும் ஒரே நேரத்தில் மீறியாயிற்று. போட்டோவுக்கு நிற்பதை எந்த லீடராலும் முழுக்கத் தடுக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஓரத்தில் நிற்க வைத்தால் போதும்.

இன்னொரு தப்பான நினைப்பு, ஸ்கீக்காரர்களை மேலே ஏற்றும் லிஃப்ட் நின்ற பிறகு சாயங்காலம் சறுக்கினால் யாருக்கும் தொந்தரவு இல்லையே என்பது. பெரிய ஸ்கீ மையங்களில் அதுதான் ரொம்ப ஆபத்தான நேரம். சரிவைச் சமன்செய்யும் ராட்சத வண்டிகள் அப்போதுதான் வேலையை ஆரம்பிக்கும். செங்குத்தான இடங்களில் அந்த வண்டியை மேலே ஒரு தூணில் கட்டி, இரும்பு வடத்தில் தொங்கவிட்டு இயக்குவார்கள். வடம் நூற்றுக்கணக்கான மீட்டர் நீண்டு கிடக்கும், இருட்டில் தெரியாது, வண்டி நகரும்போது சட்டென்று விறைத்து எழும்பும். ஐரோப்பாவில் இதில் மோதி ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

பொது நிலம்தானே, நடக்க எனக்கு உரிமை இல்லையா என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அமெரிக்காவில் பல ஸ்கீ மையங்கள் தேசியக் காட்டு நிலத்தில்தான் இயங்குகின்றன. இருந்தாலும் அனுமதி வாங்கி நடத்துகிறவர் சரிவில் நடக்க நேரமும் பாதையும் குறிக்கலாம், ஸ்லெட்ஜைத் தடுக்கலாம். நம் ஊர் குழுக்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் காட்டுப் பாதைக்கு அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் போக முடியாது என்பது நமக்குப் பழகிவிட்டது. பனிச் சரிவுக்கும் அதே மனநிலையோடு போனால் சரி.

குல்மார்க்

ஸ்லெட்ஜ் முக்கியம் என்று நினைக்கும் குழுவுக்கு என் முதல் தேர்வு இதுதான். காஷ்மீரில் 2,650 மீட்டர் உயரத்தில், கிண்ணம் மாதிரியான ஒரு புல்வெளி. கோடையில் கோல்ஃப் மைதானமாக இருக்கும் அந்த மெத்தென்ற மேடு பள்ளங்களில்தான் குளிர்காலத்தில் ஸ்லெட்ஜ் ஓடும். தேர்ந்த ஸ்கீக்காரர்கள் கோண்டோலா என்கிற கேபிள் காரில் ஏறி மேலே போய்விடுவார்கள். முதல் கட்டம் கொங்தூரி வரை, இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலைத்தோள் வரை, ஏறத்தாழ 3,950 மீட்டர். ஆக, வேகமாக வருகிறவர்களும் நம் ஆட்களும் பெரும்பாலும் வேறு வேறு இடத்தில் இருப்பார்கள். கீழே பழகுகிறவர்களுக்கான ஸ்கீ சரிவுகளும் இருக்கின்றன, அங்கே மட்டும் கொஞ்சம் ஒதுங்கியிருக்க வேண்டும்.

குல்மார்க் ஸ்லெட்ஜின் தனிச்சிறப்பு, அது ஆளோடு வரும். மரத்தால் செய்த சின்ன வண்டி. உள்ளூர்க்காரர் ஒருவர் கயிறு கட்டி இழுத்துப் போவார், இறங்கும்போது முன்னால் உட்கார்ந்து பூட்ஸ் காலால் பனியை அழுத்தி வேகத்தைக் குறைப்பார். பிரேக் இல்லாத வண்டிக்குப் பிரேக்காக ஒரு மனிதர். எந்தச் சரிவில் போகலாம், எதில் கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். குழந்தைகளோடு வரும் குழுவுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு நம் நாட்டில் நான் பார்த்ததில்லை.

ஒரு மனிதரை இழுக்கச் சொல்லி உட்கார்ந்து போவதா என்று நம் குழுவில் சிலர் நெளிவார்கள். நியாயமான நெளிவுதான். ஆனால் அது அவர்களுடைய குளிர்கால வருமானம். வேண்டாம் என்று நாம் ஒதுங்கினால் அவர்களுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. ஏறும்போது நீங்களே நடந்து ஏறுங்கள், ட்ரெக்கிங் குழுதானே. இறங்கும்போது அவரோடு உட்காருங்கள். பேசிய தொகையை முழுசாகக் கொடுங்கள். பேரத்தை வண்டியில் ஏறுவதற்கு முன்னாலேயே, எத்தனை தடவை சறுக்கல், எவ்வளவு தூரம் என்பதோடு சேர்த்துப் பேசி முடித்துவிடுங்கள். ஓட்டுகிறவரிடம் பாதி வழியில் பேரம் பேசுவது நமக்கு ஆட்டோவிலேயே அனுபவம்.

குறைகளும் உண்டு. இரண்டாம் கட்டக் கோண்டோலாவில் மேலே போய் அங்கிருந்து சறுக்கி இறங்கலாமா என்று யாராவது கேட்டால், பதில் ஒரே வார்த்தை: கூடாது. மேலே இருப்பது பனிச்சரிவு, அதாவது பனி மொத்தமாகச் சரிந்து விழும் அபாயமுள்ள திறந்த மலை. 2024 பிப்ரவரியில் அங்கே பனிச்சரிவில் சிக்கி வெளிநாட்டு ஸ்கீக்காரர் ஒருவர் இறந்தார். அவர் பழக்கமுள்ளவர்களோடு போனவர்தான். அதோடு, கடல் மட்டத்தில் வாழும் நாம் இரண்டே நாளில் கிட்டத்தட்ட 4,000 மீட்டருக்குப் போனால் தலைவலியும் வாந்தியும் வருவது சகஜம். மேலே போனாலும் சுற்றிப் பார்த்துவிட்டு அதே பெட்டியில் இறங்கிவிடுங்கள்.

பனிக்கும் உத்தரவாதம் இல்லை. டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரை அங்கே சில்லாய் கலான் என்பார்கள். நம் பொங்கல் சரியாக அதற்குள்தான் வருகிறது. அப்படியிருந்தும் 2024 ஜனவரியில் பெரும்பகுதி குல்மார்க் காய்ந்த புல்லாகத்தான் கிடந்தது. பனி மாதக் கடைசியில்தான் விழுந்தது. லீவு போட முடிந்தால் குடியரசு தின வாரமோ பிப்ரவரி முதல் பாதியோ பாதுகாப்பான பந்தயம்.

நான்கில் போய்ச்சேருவது இங்கேதான் சுலபம், செலவும் இங்கேதான் அதிகம். டெல்லி வழியாக ஸ்ரீநகருக்கு விமானம், அங்கிருந்து 50 கிலோமீட்டர் சாலை. தங்மார்க்குக்கு மேல் கடைசி 13 கிலோமீட்டர், பனி விழுந்தால் டயருக்குச் சங்கிலி கட்டிய வண்டியோ நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியோதான் ஏறும். 2025 ஜூனிலிருந்து கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ரயிலும் ஓடுகிறது, ஆனால் பொங்கல் லீவுக்குள் ரயிலில் போய்த் திரும்புவது சென்னைக்காரர்களுக்குக் கட்டாது. நம் ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் மட்டும்தான். குழுவில் நாலு பேரிடமாவது போஸ்ட்பெய்ட் இருக்க வேண்டும். 2025 ஏப்ரல் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டு, அப்புறம் படிப்படியாகத் திறந்தன. வீட்டில் பெரியவர்கள் காஷ்மீர் வேண்டாம் என்று சொல்வார்கள். அதை அலட்சியமாகத் தள்ளாமல், கிளம்பும் வாரத்து அரசு அறிவிப்பைப் பார்த்து முடிவெடுங்கள்.

ஆலி

இந்த நான்கில் ட்ரெக்கிங் குழுவும் ஸ்கீ சரிவும் நேருக்கு நேர் உரசும் இடம் இதுதான். உத்தராகண்டில் ஜோஷிமட்டுக்கு மேலே, ஏறத்தாழ 2,500-இலிருந்து 3,000 மீட்டர் வரை நீளும் சரிவு. 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்த இடம். எதிரே 7,816 மீட்டர் நந்தா தேவி நிற்கும். அந்த ஒரு காட்சிக்காகவே போகலாம் என்பேன்.

நடப்பவர்களுக்கு இங்கே கோர்சன் புக்யால் இருக்கிறது. ஸ்கீ சரிவின் மேல் முனையிலிருந்து ஓக் காட்டுக்குள் நுழைந்து மூன்று கிலோமீட்டர் போனால் திறந்த புல்வெளி. குவாரி கணவாய் ட்ரெக் போகிறவர்களில் பலரும் திரும்பும்போது இந்தப் பக்கமாகத்தான் இறங்குவார்கள். களைத்துப்போன கால், கண்ணெதிரே வழுவழுவென்று வெள்ளைச் சரிவு, பையில் ரெயின்கோட். உட்கார்ந்து சறுக்கிவிடலாம் என்று தோன்றாத ஆளே இருக்க முடியாது. ஆனால் அதே சரிவில் நேற்றுத்தான் ஸ்கீ மாட்டிய கல்லூரிப் பிள்ளைகள் தட்டுத்தடுமாறி வந்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்கும் திருப்பத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இருபது பேரின் பூட்ஸ் குழிகள் இரவில் உறைந்து, மறுநாள் காலை அவர்கள் காலை வாரும் என்பது வேறு.

ஆகவே ஆலிக்குப் போனால் ஓரமாக நடந்து இறங்க வேண்டும் என்று கிளம்பும் முன்பே குழுவில் சொல்லிவிடுங்கள். ஸ்லெட்ஜ் ஆசைக்கு இது ஊர் இல்லை. ஸ்கீயிங் கற்றுக்கொள்ள ஆசைப்படும் நாலைந்து பேர் சேர்ந்த சின்னக் குழுவுக்கு ரொம்பப் பொருத்தம்.

ஜோஷிமட் நிலம் விரிசல் விட்டதால் அங்கிருந்து ஆலிக்குப் போன நாலு கிலோமீட்டர் ரோப்வே 2023 ஜனவரியில் நின்றுபோனது; ஆகவே சாலை வழியைக் கணக்கில் வைத்தே திட்டமிடுங்கள். ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட்டுக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் மலைப்பாதை, ஒரு முழு நாள் போய்விடும். பனியும் சமீப வருடங்களில் ஏமாற்றுகிறது. போதிய பனி இல்லாமல் இங்கே தேசியப் போட்டிகளே ரத்தாகியிருக்கின்றன. இவ்வளவு தூரம் போய் மண்ணைப் பார்த்துத் திரும்பும் வாய்ப்பையும் கணக்கில் வைக்க வேண்டும்.

கேதார்காந்தா

இங்கே லிஃப்ட் கிடையாது, ஸ்கீக்காரர்கள் கூட்டம் கிடையாது. உத்தராகண்டின் சாங்கிரி ஊரிலிருந்து மூன்று நான்கு நாள் நடை, உச்சி ஏறத்தாழ 3,800 மீட்டர். நடப்பதுதான் முக்கியம், சறுக்கல் போனால் போகட்டும் என்கிற குழுவுக்கு இதைத்தான் சொல்வேன். மற்ற மூன்றும் சுற்றுலா. இது ஒன்றுதான் ட்ரெக்.

உச்சியிலிருந்து இறங்கும்போது நிறையப் பேர் உட்கார்ந்தபடியே சறுக்குவார்கள். தடுக்க ஆள் இல்லை என்பதாலேயே இங்கே குழு தானே விதி வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், ஷூவில் மாட்டிய முள் சங்கிலியைக் கழற்றாமல் சறுக்கக் கூடாது. முள் பனியில் மாட்டிக்கொள்ளும், உடம்பு முன்னால் போகும், கணுக்கால் முறியும். அந்த உயரத்திலிருந்து ஒருவரைத் தூக்கி இறக்க அரை நாள் ஆகும். சரிவு எங்கே போய் முடிகிறது என்பதை மேலிருந்தே கண்ணால் பார்த்துவிட வேண்டும்; முடிவில் சமதளம் இருந்தால் சரி, பாறையோ பைன் மரமோ இருந்தால் வேண்டாம். ஒருவர் நின்று எழுந்து விலகிய பிறகுதான் அடுத்தவர். பிளாஸ்டிக் ஷீட்டை அடியில் போட்டுக்கொண்டால் வேகம் இரட்டிப்பான மாதிரி இருக்கும், கிழிந்த துண்டுகளும் அங்கேயே கிடக்கும். அது கோவிந்த் தேசியப் பூங்காவின் பகுதி. குப்பை போட நமக்கு உரிமையில்லை. வழிகாட்டி கூடாது என்று சொன்னால் பேச்சை அதோடு விட்டுவிட வேண்டும்.

குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு இது சரிப்படாது. டேராடூனிலிருந்து சாங்கிரி ஏறத்தாழ 200 கிலோமீட்டர் என்பதால் போக ஒரு நாள், வர ஒரு நாள். பொங்கல் லீவோடு இரண்டு நாள் சேர்த்து எடுத்தால்தான் கட்டும்.

சோலாங்

மணாலியிலிருந்து 13 கிலோமீட்டர். டெல்லியிலிருந்து இரவு வால்வோ பஸ்ஸில் ஏறினால் காலையில் மணாலி, ஆகவே செலவு குறைவு. ரப்பர் ட்யூப், ஸ்கீ, குதிரை, நாலு சக்கர பைக், சோளம் விற்பவர், போட்டோ எடுப்பவர் எல்லாரும் ஒரே சரிவின் அடிவாரத்தில். கூட்டம் உள்ள நாளில் யார் எங்கிருந்து வருகிறார் என்று சொல்லவே முடியாது. கயிறு கட்டி ஒதுக்கிய ட்யூப் பாதை இருந்தால் அதில் போங்கள், இல்லாவிட்டால் கைகட்டி வேடிக்கை பாருங்கள். சோலாங்கில் பனி இல்லையென்றால் 2020-இல் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம் வழியாக சிஸ்ஸு பக்கம் போகலாம், பெரும்பாலும் அங்கே இருக்கும். மணாலிக்கு எப்படியும் போகிற குடும்பத்துக்கு ஓகே. ட்ரெக்கிங் குழு இதற்காக மட்டும் கிளம்ப வேண்டியதில்லை.

பனியைத் தொட்டுப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு ஈசிஆரில் விஜிபி பனி அரங்கு இருக்கிறது. குழந்தைகளுக்குக் குளிரை அறிமுகப்படுத்தவும், யார் யார் கையுறையைக் கழற்றிவிட்டு அழுவார்கள் என்று தெரிந்துகொள்ளவும் நல்ல ஒத்திகை.

வெளிநாட்டில் எப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள்

யாராவது சுவிட்சர்லாந்தில் இருந்தால் அவர்கள் மூலம் ஒரு தடவை முயன்று பார்க்கலாம் என்பதால் இதையும் சேர்க்கிறேன். கிரிண்டெல்வால்டில் ஃபிர்ஸ்ட் என்ற லிஃப்ட் நிலையத்திலிருந்து ஸ்லெட்ஜை இழுத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் நடந்தால் 2,681 மீட்டர் ஃபால்ஹார்ன் மலை. அங்கிருந்து ஊர் வரை 15 கிலோமீட்டருக்கு ஸ்லெட்ஜ் பாதை. நடப்பவர்களும் ஸ்லெட்ஜும் ஸ்கீயும் எங்கே சேரலாம், எங்கே கூடாது என்பது பலகை பலகையாக எழுதியிருக்கும். பெர்குனில் குளிர்காலத்தில் போக்குவரத்தை நிறுத்திய மலைச்சாலையில் 6 கிலோமீட்டர் சறுக்கிவிட்டு ரயிலில் மறுபடி மேலே போகலாம். அமெரிக்காவில் சியாட்டிலுக்குக் கிழக்கே ஸ்னோக்வால்மி கணவாய்ப் பக்கம் ஹயாக்கில் ஸ்லெட்ஜுக்கென்றே சரிவு ஒதுக்கியிருக்கிறார்கள். பக்கத்து ஸ்கீ சரிவில் ஏற வேண்டிய அவசியமே இல்லை. தடை போட்டவர்கள் மாற்று இடமும் கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு இதில் பிடித்தது. நம் நாட்டில் அந்த மாதிரிக்குக் கிட்டத்தில் வருவது குல்மார்க் புல்வெளிதான்.

என் கணக்கு

குழந்தைகளும் முதல் தடவைக்காரர்களும் கலந்த இருபது பேர் என்றால் குல்மார்க், பொங்கலைத் தாண்டி ஜனவரி கடைசியில். எல்லோரும் நடக்கக்கூடியவர்கள் என்றால் கேதார்காந்தா. சறுக்கலைத் திட்டத்தில் எழுதவே எழுதாதீர்கள், வழி அமைந்தால் பார்த்துக்கொள்ளலாம். குழு இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு இடம் போவதிலும் தப்பில்லை. எல்லோரையும் ஒரே வண்டியில் ஏற்றியே தீருவேன் என்று லீடர் பிடிவாதம் பிடிக்கும்போதுதான், நடக்க வந்தவரும் சறுக்க வந்தவரும் சேர்ந்து ஆலி சரிவின் நடுவில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

எந்த இடமானாலும் பணம் வசூலிக்கும் முன் இரண்டு வேலை. பயண இன்ஷூரன்ஸ் பாலிசியில் சாகச விளையாட்டு விலக்கு இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் இருக்கும், தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். அடுத்து, தங்கப்போகும் இடத்துக்கு போன் போட்டு, இப்போது ஸ்லெட்ஜ் எங்கே விடுகிறார்கள், சரிவில் நடக்க எந்த ஓரம் என்று கேளுங்கள். பனி எத்தனை அடி என்று மட்டும் கேட்டால் வா வா என்றுதான் சொல்வார்கள். ஆன்லைனில் பிளாஸ்டிக் ஸ்லெட்ஜ் வாங்கி விமானத்தில் ஏற்றும் யோசனை உள்ளவர்கள் அந்தக் காசில் இன்னொரு ஜோடி தண்ணீர் புகாத கையுறை வாங்கிக்கொள்ளலாம். முதல் ஜோடி மதியத்துக்குள் நனைந்துவிடும்.